கம்ப்யூட்டர்ல படம் வரைய ஒன்றரை லட்சமா? ஒரு பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் எழுதறது

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த இணைப்புல டிஜிட்டல்ல படம் வரையக் கத்துக்கறது பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. ஐபேட், அதுக்கு ஒரு பென்சில், அதுல போட ஆப்பு, அப்புறம் ஒரு ஆன்லைன் கோர்ஸ், எல்லாம் சேத்து ஒன்றரை லட்சம் ஆகும்னு கணக்கு போட்டிருந்தாங்க. டீக்கடையில என் பக்கத்துல உக்காந்து அதைப் படிச்சவர் பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "நமக்கெல்லாம் ஆகாதுப்பா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவர் பையன் நோட்டுல பால்பாயிண்ட் பேனாவுல வரையற படத்தை நான் பாத்திருக்கேன், கை அப்படி ஓடும், அந்தப் பையனுக்காகத்தான் இதை எழுத உக்காந்தேன். அதுக்கு அப்புறம் புதன்கிழமை வாசகர் கடிதத்துல வேற ஒருத்தர், கம்ப்யூட்டர்ல வரையறதெல்லாம் ஒரு வரையறதா, எல்லாத்தையும் மெஷினே போட்டுக்கும்னு எழுதியிருந்தாரு. சரி, ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லிடறேன்.

நான் மதுரையில போர்டு எழுதினவன். 1985ல பத்தாவது பெயிலாகி, சிம்மக்கல் பக்கம் ஒரு ஆர்ட்டிஸ்ட்கிட்ட பிரஷ் கழுவற வேலைக்குச் சேந்து, ரெண்டு வருசம் கழிச்சுத்தான் "அ" எழுத விட்டாரு. மளிகைக் கடை, சைக்கிள் கடை, சலூன், தேர்தல் வந்தா சுவர் விளம்பரம், எல்லாம் எனாமல் பெயின்ட், கையில மண்ணெண்ணெய் வாசம் போகவே போகாது. 2003, 2004 வாக்குல எங்க ஏரியாவுக்கு ஃப்ளெக்ஸ் வந்துச்சு. நாலு நாள் வேலை ஒரு மணி நேரத்துல மெஷின்ல உருண்டு வந்து விழுந்துச்சு, அதோட எங்க கதை முடிஞ்சது. அப்புறம் நான் அதே ஃப்ளெக்ஸுக்கு ரீப்பர் அடிச்சு ஃப்ரேம் கட்டற வேலைக்குப் போனேன், இதுல வெக்கம் ஒண்ணும் இல்ல, சோறு திங்கணுமே. அதனால புதன்கிழமை கடிதம் எழுதினவரை விட கம்ப்யூட்டர் மேல எனக்குத்தான் கோவம் ஜாஸ்தி இருந்திருக்கணும், இருந்துச்சும்தான்.

போன வருசம் ஆடி மாசம், வேலை இல்லாம வீட்டுல இருந்தப்ப பரணை சுத்தம் பண்ணேன். அதுல என் மகளோட லேப்டாப். 2011ல ஆரம்பிச்ச அரசாங்க இலவச லேப்டாப் திட்டத்துல அவ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கினது, பேட்டரி செத்துப் போயி ஒயரை மாட்டினா மட்டும் ஓடும், ரேம் 2 ஜிபி. தூக்கிப் போடலாமான்னு கேட்டதுக்கு பாப்பா, "ஏம்ப்பா, நீங்க இதுல வரையலாமே"ன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னா. அடுத்த வாரம் அவளே ஒரு பென் டேப்லெட் ஆர்டர் போட்டுட்டா, ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபா. ஸ்க்ரீன் எல்லாம் கிடையாது, சிலேட்டு மாதிரி ஒரு கருப்புப் பலகை, வரையற இடம் 6 இஞ்சுக்கு 4 இஞ்சு, ஒரு பேனா. சாஃப்ட்வேர் பேரு கிரிட்டா, அதுக்குக் காசே கிடையாது, திருட்டு சிடி எல்லாம் இல்ல, நெஜமாவே இலவசமா விட்டிருக்காங்க, எந்த ஊர்ல யார் வேணா எத்தனை மெஷின்ல வேணா போட்டுக்கலாம். அந்தப் பழைய மெஷினுக்கு ஒத்து வர்ற மாதிரி ஒரு பழைய வெர்ஷனை ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் பண்ற தம்பி போட்டுக் குடுத்தாரு. ஆக செலவு ரெண்டாயிரத்து எண்ணூறு, இதுல ஒன்றரை லட்சம் எங்க வந்துச்சு?

முதல் நாள் என்ன ஆச்சுன்னு சொல்றேன் கேளுங்க. போர்டு எழுதறவன் கையைச் சோதிக்கணும்னா வட்டம் போடச் சொல்லுவாங்க. காம்பஸ் இல்லாம கையாலயே போடணும், என் குருநாதர் முன்னாடி போட்டு பாஸான வட்டம் அது, நாப்பது வருசமா தப்பினதில்ல. பேனாவை எடுத்தேன், ஒரே இழுப்பு, வட்டம். ஸ்க்ரீன்ல பாத்தா படுத்துக் கெடக்கற முட்டை. திரும்பப் போட்டேன், திரும்ப முட்டை. ஒரு மணி நேரம் போட்டேன், கோழிப்பண்ணையே வச்சுட்டேன், பேத்தி வேற பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டே இருக்கா. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, கை போச்சு, வயசாயிருச்சு, அவ்வளவுதான்னு நினைச்சுட்டேன்.

மறுநாள் கடைத் தம்பிகிட்ட சொன்னதும் அவர் சிரிச்சாரு. "அண்ணே, கை போகல, கணக்கு போச்சு"ன்னாரு. விசயம் என்னன்னா, ஸ்க்ரீன் அகலமானது, 1366 புள்ளிக்கு 768 புள்ளி, அதாவது 16க்கு 9. பலகை 6க்கு 4. பலகையோட முழு அகலத்தையும் ஸ்க்ரீனோட முழு அகலத்துக்கு இழுத்து, முழு உயரத்தையும் முழு உயரத்துக்கு இழுத்தா, அகலவாட்டுல ஒரு இஞ்சுக்கு 227 புள்ளி வருது, உயரவாட்டுல 192 தான் வருது. நான் போட்டது நல்ல வட்டம்தான், மெஷின்தான் அதை அமுக்கி முட்டையாக்கியிருக்கு. டேப்லெட்டோட செட்டிங்ஸ்ல ஸ்க்ரீன் அளவுக்கு ஏத்த விகிதம்னு ஒண்ணு இருக்கு, அதை டிக் பண்ணா பலகையில கீழ அரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல வேலை செய்யாமப் போயிரும், பதிலுக்கு வட்டம் வட்டமா வரும். ரெண்டு நிமிச வேலை. இது தெரியாம எத்தனை பிள்ளைங்க தனக்கு வரைய வரலன்னு டேப்லெட்டை பெட்டியில போட்டு வச்சிருக்கோ. உங்க கட்டுரையில ஐபேட் எத்தனை ஜிபி வாங்கணும்னு எழுதினவங்க இந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம்.

முட்டை போனாலும் அடுத்த சிக்கல் நின்னுச்சு. கை மேஜை மேல, கண்ணு ஸ்க்ரீன்ல. கை எங்க போகுதுன்னு பாக்கக் கூடாது. கண்ணாடியைப் பாத்து ஷேவ் பண்ற மாதிரிதான், முதல் தடவை எல்லாரும் கன்னத்தைக் கிழிச்சுக்கிட்டவங்கதானே. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பேனா பலகையில படாம ஒரு சென்டிமீட்டர் உயரத்துல இருந்தாலே ஸ்க்ரீன்ல அம்புக்குறி நகருது. பேனாவுக்குள்ள பேட்டரி கிடையாது, பலகையில இருந்து வர்ற காந்தப்புலத்தை பேனாவுக்குள்ள இருக்கற சின்ன கம்பிச்சுருள் வாங்கிக்கிட்டு பதில் சொல்லுது, அதான் தொடறதுக்கு முன்னாடியே பேனா எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியுது. அதனால முதல்ல காத்துலயே கையை ஆட்டி இடத்தைப் பிடிச்சுட்டு அப்புறம் தொடணும். புதுசா வர்றவங்க பேனாவை பேப்பர்ல வைக்கற மாதிரி டப்புனு வச்சுருவாங்க, அது எங்கயோ போய் நிக்கும்.

இந்தக் கண்ணு கை பழக்கத்துக்கு யூடியூப்ல ஆயிரம் பயிற்சி சொல்றாங்க. எங்க வீட்டுல நடந்தது வேற. நான் நேர்கோடு போட்டுப் பழகிக்கிட்டு இருந்ததைப் பாத்துட்டு வீட்டுக்காரம்மா, "தள்ளுங்க"ன்னு வந்து உக்காந்து, பேனாவை வாங்கி, ஏழு புள்ளி வச்சு ஒரு சிக்குக் கோலம் போட ஆரம்பிச்சாங்க. முதல்ல கோணலா வந்துச்சு, ரெண்டாவது நாள் எனக்கே பொறாமையா இருந்துச்சு. புள்ளியைச் சுத்தி வளைஞ்சு கோடு எங்க ஆரம்பிச்சதோ அங்கயே வந்து சேரணும், நடுவுல கையைத் தூக்கக் கூடாது, இதை விட நல்ல பயிற்சி இந்தப் பலகைக்கு வேற கிடையாதுன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. புள்ளியை ஒரு லேயர்ல, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற கண்ணாடித் தாள் மாதிரி ஒண்ணுல, வச்சுட்டு கோட்டை இன்னொரு லேயர்ல போட்டா, சரியில்லன்னா கோட்டை மட்டும் அழிச்சுட்டு புள்ளி மேல திரும்பப் போடலாம், மறுபடி புள்ளி வைக்க வேண்டியதில்ல. நான் மூணு வாரம் வேற எதுவும் வரையல, கோலம் மட்டும்தான். மார்கழி வரைக்கும் போட்டிருந்தா வாசலுக்கே நான்தான் கோலம் போட்டிருப்பேன்.

லேயர்னா என்னன்னு நிறைய பேரு பயப்படறாங்க. போர்டுக்காரனுக்கு அது பட்டர் பேப்பர். ஒரு தாள்ல ஸ்கெட்ச், அதுக்கு மேல ஒரு தாள்ல அவுட்லைன், நடுவுல ஒரு தாள்ல கலர், கடைசியில கீழ் தாளை உருவிப் போட்டா ஸ்கெட்ச் இருந்த அடையாளமே இருக்காது. ஒரே வித்தியாசம், இங்க நிழலுக்குன்னு ஒரு தாள் வச்சு அதை மல்டிப்ளைன்னு மாத்திட்டா, கீழ இருக்கற கலரை மறைக்காம அப்படியே இருட்டாக்கிக் காட்டும், எனாமல்ல அது நடக்கவே நடக்காது, எனாமல் மூடினா மூடினதுதான். ஆனா சொல்றேன், முதல் படத்துக்கு மூணு லேயருக்கு மேல போடாதீங்க. நான் ஒரு தடவை இருபத்திரெண்டு லேயர் போட்டு, பேரும் வைக்காம, பிள்ளையாருக்குப் போட வேண்டிய விபூதியை எலி மேல போட்டு வச்சிருந்தேன்.

பிரஷ் விசயத்துலயும் இதேதான். கிரிட்டாவுல நூத்துக்கு மேல பிரஷ் வருது. புதுசா வர்ற பிள்ளைங்க வரையறதை விட்டுட்டு பிரஷ் டவுன்லோட் பண்ணிக்கிட்டே இருக்காங்க, ஃப்ளெக்ஸ் கடைத் தம்பியோட சிநேகிதர் ஒருத்தர்கிட்ட ஆயிரத்து ஐந்நூறு பிரஷ் இருக்காம், படம் ஒண்ணு கூட முடிக்கல. என் குருநாதர்கிட்ட இருந்தது மொத்தம் அஞ்சு பிரஷ், அதுல ஒண்ணு முடி கொட்டினது. நான் கிரிட்டாவுல மூணு வச்சிருக்கேன். ஸ்கெட்சுக்கு ஒண்ணு, கோட்டுக்கு ஒண்ணு, கலர் நிரப்ப ஒண்ணு. அழிக்கறதுக்கு தனி பிரஷ் கூட வேணாம், கீபோர்டுல இங்கிலீஷ் "E" பட்டனை அமுக்கினா அதே பிரஷ் ரப்பராயிரும். அமுக்கினா பட்டை, தூக்கினா நுனி, இது போர்டு பிரஷ்ல நாங்க செஞ்சதுதான், அது இந்த பிளாஸ்டிக் பேனாவுலயும் நடந்ததைப் பாத்தப்ப உண்மையிலயே கண்ணு கலங்கிருச்சு, பெட்டியில 8192 அழுத்த அளவுன்னு போட்டிருக்கான், என் கைக்கு அதுல ஆறேழுதான் தெரியும், அதுவே போதும்.

போர்டு எழுதும்போது இடது கையில ஒரு குச்சி வச்சிருப்போம், நுனியில துணி சுத்தியிருக்கும், அதை போர்டுல ஊன்றி அதுமேல வலது கையை வச்சு எழுதினா கை நடுங்காது. கிரிட்டாவுல ஸ்டெபிலைசர்னு ஒண்ணு இருக்கு, கோட்டை கொஞ்சம் தாமதமா இழுத்து நடுக்கத்தை எடுத்துரும். அதே குச்சிதான். ஆனா அதை ரொம்ப ஏத்தி வச்சா கோடு செத்த கோடா வரும், "ழ"வோட வாலு ரப்பர் பேண்டு மாதிரி ஆயிரும். கொஞ்சமா வச்சுக்கணும், குச்சி மேல படுத்துத் தூங்கக் கூடாது.

இப்ப அன்டூ பத்தி, அதான் போட்ட கோட்டை இல்லன்னு ஆக்கறது. கண்ட்ரோல் இசட். சுவத்துல தப்பு பண்ணா மண்ணெண்ணெய்த் துணியால துடைக்கணும், துடைச்ச இடம் மங்கலாத் தெரியும், கடைக்காரர் முறைப்பாரு. அதனால கோடு போடறதுக்கு முன்னாடி நாலு தடவை யோசிப்போம். இங்க யோசனையே வேணாம், போடு, பிடிக்கல, இசட், போடு, இசட். ஒரு மூக்கை நான் நாப்பது தடவை போட்டிருக்கேன், நாப்பதாவது மூக்கு முதல் மூக்கை விட மோசம். நானா ஒரு சட்டம் வச்சுக்கிட்டேன், ஒரு கோட்டுக்கு மூணு இசட், நாலாவது தடவை வந்தா கோட்டுல தப்பில்ல, ஸ்கெட்சுலதான் தப்பு, திரும்ப ஸ்கெட்சுக்குப் போன்னு.

அதே மாதிரிதான் ஜூம். போர்டு எழுதி முடிச்சதும் ரோட்டைத் தாண்டி எதிர்த்த டீக்கடையில போய் நின்னு பாப்போம், அங்க இருந்து படிக்க முடியுதா, எழுத்து சாயுதா, தெரிஞ்சுரும். டிஜிட்டல்ல வர்ற பிள்ளைங்க நானூறு பர்சென்ட் ஜூம்ல போயி கண்ணு இமை முடியை ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டு இருக்காங்க, வெளிய வந்து பாத்தா ஒரு கண்ணு காதுக்குப் பக்கத்துல இருக்கு. படம் தீப்பெட்டி சைஸ்ல தெரியற மாதிரி ஸ்க்ரீன்ல சின்னதாக்கி அப்பப்ப பாருங்க, அதுதான் நம்ம எதிர்த்த டீக்கடை. "எம்" பட்டனை அமுக்கினா படம் இடம் வலம் மாறிக் காட்டும், முகம் எந்தப் பக்கம் சாயுதுன்னு அப்பத்தான் நமக்கே தெரியும். எனக்கு எல்லா முகமும் வலது பக்கம் சாயும், நாப்பது வருசமா சாஞ்சிருக்கு போல, யாரும் சொல்லல.

நான் பண்ணின பெரிய முட்டாள்தனம் ஒண்ணையும் சொல்லிடறேன், இதுல ஒளிக்க என்ன இருக்கு. கோலம் முடிஞ்சு கை வந்ததும் ஆசை வந்துருச்சு, தெரிஞ்ச கடைக்கு பத்தடிக்கு நாலடி போர்டு ஒண்ணு டிஜிட்டல்ல பண்ணிரலாம்னு. பிரிண்டுக்கு 300 டிபிஐ, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி, வைக்கணும்னு எங்கயோ கேள்விப்பட்டேன், வச்சேன். லேப்டாப் அப்படியே நின்னுபோச்சு, ஃபேன் மட்டும் ரைஸ் மில் மாதிரி கத்துது. கடைத் தம்பி பேனாவை எடுத்து கணக்கு போட்டுக் காட்டினாரு. பத்தடின்னா 120 இஞ்சு, 300ஆல பெருக்கினா 36,000 புள்ளி. நாலடி 48 இஞ்சு, 14,400 புள்ளி. ரெண்டையும் பெருக்கினா ஏறக்குறைய 52 கோடி புள்ளி, ஒரு புள்ளிக்கு 4 பைட்டு, ஆக ஒரே ஒரு லேயருக்கு 2 ஜிபி. மெஷினோட மொத்த மெமரியே 2 ஜிபி. "அண்ணே, 300 எல்லாம் கையில வச்சுப் படிக்கற புக்குக்கும் பத்திரிகைக்கும். போர்டை ரோட்டுல இருந்துதானே பாக்கறாங்க, 72 போதும், பெரிய பேனருக்கு அது கூட வேணாம்"னாரு. 72ல போட்டா அதே பத்தடி 120 எம்பிக்குள்ள அடங்கிருச்சு. எவ்வளவு தூரத்துல இருந்து பாக்கறாங்கன்றதுதான் போர்டுக்காரனோட முதல் பாடம், அதைக் கம்ப்யூட்டரைப் பாத்த உடனே மறந்துட்டேன் பாருங்க. பழகறதுக்கு ஏ4 சைஸ் போதும், 300 டிபிஐல 2480க்கு 3508 புள்ளி, பழைய லேப்டாப்பும் இழுக்கும். இப்ப கூடுதலா ஒரு ரேம் போட்டிருக்கேன், அதுவும் யாரோ கழட்டி வச்சிருந்தது.

இன்னொண்ணு, ஜேபெக்கா, அதாவது சாதா போட்டோ ஃபைலா, சேவ் பண்ணி க்ளோஸ் பண்ணிட்டேன் ஒரு படத்தை. அடுத்த நாள் திறந்தா எல்லா லேயரும் ஒட்டிப்போயி ஒரே தாளாக் கெடக்கு. வேலை நடக்கற வரைக்கும் கிரிட்டாவோட சொந்த ஃபைலாத்தான் சேவ் பண்ணணும், ஜேபெக் எல்லாம் வாட்ஸ்அப்புல அனுப்பறதுக்கு. பேட்டரி செத்த லேப்டாப்புன்னா பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை சேவ், கரண்டு கம்பெனியை நம்பக் கூடாது.

கலர்லயும் ஒரு அடி வாங்கினேன். சித்திரைத் திருவிழாவுக்கு மீனாட்சி அம்மன் படம் ஒண்ணு வரைஞ்சு, அம்மன் கையில இருக்கற கிளிக்கு ஒரு பச்சை குடுத்தேன் பாருங்க, ஸ்க்ரீன்ல அப்படியே மின்னுது, பேத்தி தொட்டுத் தொட்டுப் பாக்கறா. பிரிண்ட் போட்டு வந்ததுல கிளி காஞ்ச வேப்பிலை மாதிரி இருந்துச்சு. ஸ்க்ரீன் வெளிச்சத்தால கலர் காட்டுது, சிவப்பு பச்சை நீலம் மூணு வெளிச்சம். பிரிண்டர் மையால காட்டுது, நீலம் கலந்த சயான், மஜெந்தா, மஞ்சள், கருப்பு. வெளிச்சத்துல வர்ற சில பச்சையும் நீலமும் ஆரஞ்சும் மையில வரவே வராது, எவ்வளவு காசு குடுத்தாலும் வராது. முதல்லயே ஒரு சின்னத் துண்டு பிரிண்ட் போட்டுப் பாத்து கலரைத் தேர்ந்தெடுக்கணும். டப்பாவுல இருக்கற எனாமல் கலரும் சுவத்துல காஞ்ச பிறகு இருக்கற கலரும் வேறன்னு தெரிஞ்சவனுக்கே இந்த கதி.

இந்தக் கூத்துக்கு நடுவுல ஒரு சென்டர்லயும் சேந்து பாத்தேன், பேரு வேணாம். ரெண்டு மாசம், பன்னெண்டாயிரம் ஃபீஸ், சர்ட்டிபிகேட் உண்டு. என்னோட சேந்தது எல்லாம் ஸ்கூல், காலேஜ் பிள்ளைங்க. முதல் நாளே ஒரு குறிப்பிட்ட டேப்லெட்டைக் காட்டி இதை எங்ககிட்டயே வாங்கினாத்தான் க்ளாஸ் புரியும்னாங்க, வெளிய விக்கற விலையை விட நாலாயிரம் ஜாஸ்தி. சொல்லிக் குடுத்தது என்னன்னா, போட்டோவைக் கீழ வச்சு மேல கோடு இழுக்கறது, அப்புறம் ஃபில்டர் போட்டு பெயின்டிங் மாதிரி ஆக்கறது. அந்தப் போட்டோவை எடுத்துட்டு ஒரு கையை வரைங்கன்னு சொன்னா ஒரு பிள்ளைக்கும் வரல. அதுங்க தப்பில்ல. பெத்தவங்க நகையை வச்சு ஃபீஸ் கட்டியிருக்காங்க, எனக்கு வயித்தெரிச்சல். ட்ரேஸ் பண்றது பாவம்னு சொல்லல, நாங்களும் கட்டம் போட்டு பெருசு பண்ணவங்கதான், ஆனா கட்டம் போடறதுக்கு முன்னாடி குருநாதர் பஸ் ஸ்டாண்டுல உக்கார வச்சு நூறு மனுசனை வரைய விட்டாரு.

அதனாலதான் புதன்கிழமை கடிதக்காரர்கிட்ட சொல்றேன், மெஷின் எதையும் போட்டுக்காதுங்க. வரையத் தெரியாதவன் கையில குடுத்தா அது வரையத் தெரியாத படத்தைத்தான் சுத்தமா, தெளிவா காட்டும். எங்க மதுரைக்காரர் ட்ராட்ஸ்கி மருது அய்யா கம்ப்யூட்டர்ல வரையறாரு, அந்தக் கோட்டைப் பாத்து மெஷின் போட்டதுன்னு யாராவது சொல்லுவாங்களா? இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி 1937ல பொறந்தவரு, ஐபோன்ல விரலால படம் போட ஆரம்பிச்சப்ப எழுபதைத் தாண்டியிருந்தாரு, இதை பாப்பாதான் காட்டினா, அன்னிக்கு எனக்கு கொஞ்சம் தெம்பு வந்துச்சு, அவரை விட நான் சின்னப் பையன்தானே.

உடனே கேப்பீங்க, இப்ப ஏஐ இருக்கே, ரெண்டு வரி சொன்னா படம் வருதே, எதுக்கு கத்துக்கணும்னு. எங்க தெருவுல ஒரு கடைக்காரர் அப்படித்தான் மீனாட்சி அம்மன் படம் எடுத்துட்டு வந்தாரு. பளபளன்னு இருக்கு, கிளி இடது கையில. மதுரையில அதை மாட்டினா போற வர்றவங்க எல்லாம் கேப்பாங்க. மாத்தச் சொல்லி மாத்தச் சொல்லி கிளி ரெண்டாச்சு, அம்மன் முகம் வேற ஆளாச்சு. கடைசியில என்கிட்டதான் வந்தாரு, வலது கையில கிளி வச்சு வரைஞ்சு குடுத்தேன். எத்தனை நாளைக்கு இப்படி வருவாங்கன்னு தெரியாது, நான் ஒருவாட்டி ஃப்ளெக்ஸ்கிட்ட தோத்தவன், வாயை விட மாட்டேன்.

டேப்லெட் கூட வாங்க முடியாதவங்க போன்லயே ஆரம்பிக்கலாம், ஐபிஸ்பெயின்ட் மாதிரி ஆப்பு இலவசமா இருக்கு, நடு நடுவுல விளம்பரம் வரும், பொறுத்துக்கணும். ஆனா ஒண்ணு, கடையில நூறு இருநூறுக்கு விக்கற ரப்பர் நுனி பேனாவை அழுத்தம் வரும்னு நம்பி வாங்காதீங்க, அது விரலுக்கு பதிலா ஒரு குச்சி, அவ்வளவுதான். நுனி விரலை விட கொஞ்சம் சின்னது, அந்த அளவுக்கு உபயோகம்.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள், உங்க மூலமா அரசாங்கத்துகிட்ட ஒண்ணு. கவர்மென்ட் ஸ்கூல்கள்ல ஹைடெக் லேப்புன்னு கம்ப்யூட்டர் வச்சிருக்காங்க, என் பேத்தி படிக்கற ஸ்கூல்லயும் இருக்கு. பகுதி நேர ஓவிய ஆசிரியரும் இருக்காரு, அவர் சார்ட் பேப்பருக்கே சொந்தக் காசு போடறாரு. அந்த லேப்புல கிரிட்டா போட பத்து பைசா ஆகாது. ஒரு ஸ்கூலுக்கு அஞ்சு பென் டேப்லெட் வாங்கினா பதினஞ்சாயிரம், வாரத்துல ஒரு பீரியடு ஓவிய வாத்தியார்கிட்ட விடுங்க. கம்ப்யூட்டர் தெரியாத வாத்தியாருன்னு சொல்லாதீங்க, அந்த வட்டம் முட்டையாகற விசயத்தை மட்டும் சொல்லிக் குடுத்துட்டா மிச்சத்தை அவர் கையே பாத்துக்கும், வேணும்னா நானே வந்து சொல்லித் தர்றேன், மதுரைக்குள்ள எங்க வேணா வர்றேன், பஸ் காசு கூட வேணாம். உங்ககிட்ட கேக்கறது என்னன்னா, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்துல, பழைய லேப்டாப்பும் மூவாயிரத்துக்குள்ள ஒரு பலகையும் இருந்தா ஆரம்பிக்கலாம்னு ரெண்டு வரி போடுங்க. டீக்கடையில பேப்பரை மடிச்சு வச்சவர் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் படிப்பாரு, அதனால ஞாயித்துக்கிழமையே போடுங்க.

லெட்டர் நீளமாயிருச்சு, எங்க வேணா வெட்டிக்கோங்க, முட்டை மேட்டரை மட்டும் வெட்டிராதீங்க. மீனாட்சி அம்மன் படத்தையும் இமெயில்ல அனுப்பச் சொல்லியிருக்கேன் பாப்பாகிட்ட. இடம் இருந்தா போடுங்க, கருப்பு வெள்ளையில போட்டாலும் பரவாயில்ல, அந்தக் கிளிப் பச்சையை உங்க மெஷினும் எப்படியும் வேப்பிலை ஆக்கத்தான் போகுது.

இப்படிக்கு,
ஒரு பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட்,
மதுரை.